கடிக்காத நாயும் றீற்றா அக்காவின் கையும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்த நாய்த் தடுப்பூசிக் குழுவினர் போன மாதம் ஓர் அறிவித்தலை எழுதி எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். ‘நாய் கடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்’ என்று பெரிய எழுத்தில் அது தொடங்கியது. கீழே ஒரு செய்தி: “அண்ணை, நீங்கள் தமிழ் வடிவா எழுதுவீங்கள் எண்டு சொன்னவை. பிழை இருந்தாத் திருத்தி விடுங்கோ.”

எழுத்துப் பிழை ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் ‘கடித்தால்’ என்ற சொல்லில் என் கண் நின்றுவிட்டது. இந்தச் சொல் மட்டும் போதாது என்று பதில் போட்டேன். ஏன் என்று கேட்டார்கள். காரணத்தைத் தட்டத் தொடங்கினேன். அது நீண்டுகொண்டே போனதால் அழித்துவிட்டேன். அப்போது அனுப்பாத பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் மன்னாரில் கீரி என்ற கரையோர ஊரைச் சேர்ந்தவன். அப்பா கடற்றொழிலாளி. அவருக்கும் அம்மாவுக்கும் கையெழுத்து என்றால் பெருவிரல்தான். எங்கள் வீட்டில் முதன்முதலாக ஏ.எல். என்ற உயர்தரச் சோதனை எழுதியவன் நான். அதன் பிறகு கிடைத்த வேலை இன்னதென்று சொன்னபோது அம்மா கேட்டது இதுதான்.

“நாய் பிடிக்கிறதுக்கோ மோனை நான் கருவாடு காயப்போட்டு உன்னைப் படிப்பிச்சனான்?”

“பிடிக்கிறதில்லை அம்மா, ஊசி போடுறது.”

“பிடிக்காம எப்பிடிப் போடுவாய்?”



இப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. ஓய்வுபெற்றவன் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். ஓய்வூதியம் இல்லாத ஓய்வு. எத்தனையோ நாய்களால் முடியாததை ஒரு கழுதை செய்து முடித்தது. மன்னார் நகரத்தில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளை நாயைத் துரத்திக்கொண்டு போனேன். அது கழுதைக் கூட்டத்துக்குள் புகுந்தது, நானும் புகுந்தேன். நாய் மறுபக்கத்தால் வெளியே போனது. என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். முழங்கால் சில்லில் வாங்கிய உதை. இனி ஓடக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஓட முடியாதவனுக்கு அந்த வேலையில் இடமில்லை. இப்போது ஒரு போட்டோக் கொப்பிக் கடையில் இருக்கிறேன். கடை வாசலில் கழுதை வந்து நின்றால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

பயிற்சி சில நாட்கள்தான். ஊசியைத் தோலுக்குக் கீழே எப்படிச் செலுத்துவது, மருந்தை எப்படிக் குளிரில் வைத்திருப்பது, நாயின் பல்லோ எச்சிலோ பட்ட இடத்தைச் சவுக்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் எப்படி நெடுநேரம் கழுவுவது, இவ்வளவும் காட்டினார்கள். அதற்கு முன்னரே எங்கள் கையிலும் தடுப்பூசி போட்டிருந்தார்கள். நாயோடு வேலை செய்கிறவனுக்கு, நாயைத் தொடும் முன்பே போட வேண்டிய ஊசி அது.

எனக்கு மேலே இருந்தவர் ரமீஸ் சேர், எங்கள் பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். முசலிப் பக்கத்து ஆள். அவரிடம் வினோதமான ஒரு குணம் இருந்தது. நாய்த் தடுப்பூசிக்குப் பொறுப்பான அவருக்கு நாயென்றால் பயம். ஒளித்து மறைக்காத பயம். அதனாலேயே நாய்களைப் பற்றி மிக மரியாதையாகப் பேசுவார்.

“தம்பி, அவர் எங்க பாக்கிறார்? என்னயோ?”

“இல்லை சேர், ரொட்டியப் பாக்கிறார்.”

“அப்ப ரொட்டியக் குடுத்து அவரை அங்கால கூட்டிக்கொண்டு போங்கோ.”

வாகனத்தின் கதவைத் திறந்து, ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டுதான் நிற்பார். ஆனால் மருந்துப் பெட்டியை வேறொருவரும் தொட விடமாட்டார். அடிக்கடி பெட்டியைத் திறந்து ஐஸ் பொதியை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார், பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பதுபோல. “குளிர் விட்டுதெண்டா இது மருந்தில்லை தம்பி, தண்ணி. நாங்க ஊர் ஊராப் போய் நாய்க்குத் தண்ணி குத்திப்போட்டு வாறம் எண்டு நினைச்சுப் பாருங்கோ.” நினைத்துப் பார்த்து வீட்டில் படுத்த பிறகும் எனக்கு வியர்த்த நாட்கள் உண்டு.

என் முதல் நாய் உப்புக்குளத்தில். கடை வைத்திருந்த ஹாஜியார் ஒருவரின் வாசலில் படுத்திருந்த செம்மறை நாய். நான் வட்டவலையை எடுத்துக்கொண்டு அதற்குப் பின்னால் மூன்று ஒழுங்கை ஓடினேன். திரும்பி வந்தபோது நாய் எனக்கு முன்பே வந்து பழைய இடத்தில் படுத்திருந்தது.

“மகன், என்னைப் பிடிக்கச் சொல்லாதீங்க, நான் தொழுகைக்குப் போகணும்,” என்றார் ஹாஜியார். “ஆனா கூப்பிட்டா வரும். இது என்ட நாயில்ல. ஆனா நான் சொன்னாக் கேக்கும்.”

கதிரையில் இருந்தபடியே, “டேய், வா” என்றார். அது எழுந்து வந்து அவருடைய செருப்புக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. நான் பிடரித் தோலைத் தூக்கி ஊசியைப் போட்டேன். அது அசையவில்லை. “ஓடிப் பிடிக்கிறதுக்கு முந்தி, ஆருக்குக் கீழ்ப்படியும் எண்டு கேக்கோணும்,” என்று ரமீஸ் சேர் வாகனத்துக்குள் இருந்து சொன்னார்.

சொல்ல வந்த விடயம் ஓலைத்தொடுவாய் என்ற மீனவர் ஊரில் நடந்தது.

கோயில் மதிலின் நிழலில் எங்கள் முகாம். ஊர்ச் சனம் நாய்களை வலைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. ஒரு கையால் பிடரியைத் தூக்கிக் கூடாரம்போல் ஆக்கி, மறுகையால் ஊசியைச் சரித்துச் செலுத்தி, மருந்து போன பிறகு அந்த இடத்தை விரலால் தடவிவிட வேண்டும். கழுத்தில் நிறப்பட்டி கட்டினால் வேலை முடிந்தது. வேலை ஓடிக்கொண்டிருந்தது. அன்ரன் என்ற மீன்பிடிகாரர் தன் நாயைக் கொண்டுவந்தபோது எனக்கு ஒரு பழைய கணக்கு நினைவுக்கு வந்தது. அதற்கு முந்தைய முகாமில் கறுப்பி என்ற கரைநாய் என் வலைக்கு அகப்படாமல் கடலுக்குள் இறங்கி நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஊசி போடாமலேயே அதை விட்டுவிட்டு வந்திருந்தோம்.

“கறுப்பி எங்க அண்ணை? இந்தமுறை அவளை விடமாட்டன்.”

“அவள் செத்துப்போனாள் தம்பி. போன கிழமை.”

“என்னெண்டு?”

“முள்ளு இறுகி. கெளிறு முள்ளு.”

சாதாரணமாகத்தான் சொன்னார். கெளிறு மீனின் முள் அரம்போல் பல் வைத்தது. போனால் திரும்பாது. வலையில் படுகிற கெளிற்றின் தலையைக் கரையில் எறிவார்கள், நாய்கள் தின்னும், சில நாய்களுக்குத் தொண்டையில் இறுகும். எங்கள் கரையில் இது புதினமில்லை. ஆனாலும் கேட்டேன்.

“முள்ளைக் கண்டனீங்களோ?”

“காணேல்ல. ஆனா வாயை ஆவெண்டு திறந்தபடி, மூட ஏலாமக் கிடந்தாள். எச்சில் நூல் நூலா ஒழுகினது. குரைக்கப் பாத்தாள், காத்துத்தான் வந்தது. தண்ணி வச்சம், உள்ளுக்குப் போகேல்ல. முள்ளுத்தானே?”

என் கையில் இருந்த ஊசிக்கு மூடி போட்டுக் கீழே வைத்தேன். விசர், அதாவது வெறி, பிடித்த நாய் என்றால் எல்லோர் மனத்திலும் ஒரு படம் இருக்கிறது: நுரை தள்ளிக்கொண்டு, கண்டதையெல்லாம் கடித்துக்கொண்டு, தெருத்தெருவாக ஓடுகிற நாய். இன்னொரு வகை உண்டு. ஓடாது, கடிக்காது. தாடையும் தொண்டையும் சோர்ந்துபோய், வாய் தொங்கி, ஒரு மூலையில் பாவமாகக் கிடக்கும். உள்ளே ஏதோ இறுகியதுபோலவே இருக்கும். எச்சிலில் நஞ்சு அதேதான்.

“ஆரும் வாய்க்குள்ள கை விட்டவையோ?”

அன்ரன் சிரித்தார். “என்ன கேள்வி இது? முள்ளெடுக்க எங்கட ஊரில ஆள் இல்லையோ? றீற்றா அக்காதான்.”

சுற்றி நின்றவர்களும் பெருமையாகத் தலையாட்டினார்கள்.

றீற்றா அக்காவைப் பற்றி நான் கேள்விப்பட்டிருந்தேன். தாயின் வயிற்றிலிருந்து கால் முதலில் வரப் பிறந்தவர். அப்படிப் பிறந்தவர் தடவினால் தொண்டை முள் இறங்கும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. றீற்றா அக்கா தடவுவதோடு விடவில்லை. சிறு வயதிலிருந்தே இரண்டு விரலை உள்ளே விட்டு முள்ளை எடுக்கப் பழகிவிட்டார். அயலூரான பேசாலையில் இருந்தும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்களாம்.

நானும் ரமீஸ் சேரும் போனபோது வீட்டு முற்றத்தில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். வலுவான உடம்பு, வாயில் எப்போதும் ஒரு பகிடி.

“என்ன சேர், எனக்கும் பட்டி கட்டவோ வந்தனீங்கள்?”

ரமீஸ் சேர் சிரிக்கவில்லை. கறுப்பியைப் பற்றிக் கேட்டார். அக்காவின் முகம் வாடியது.

“பாவம் சேர் அது. என்ர மடியில தலை வச்சுக்கொண்டு கிடந்தது. மணிக்கட்டுவரைக்கும் விட்டுப் பாத்தனான். முள்ளு ஆப்பிடேல்ல. இண்டுவரைக்கும் என்ர கைக்கு ஆப்பிடாத முள்ளு இல்லை. அதுதான் எனக்குக் கவலை.”

“கையக் காட்டுங்கோ தங்கச்சி.”

காட்டினார். மீன் வெட்டுகிற எல்லாப் பெண்களின் கையும் அப்படித்தான் இருக்கும். உப்பு அரித்த வெடிப்புகள், செதில் கீறிய கோடுகள், பெருவிரலடியில் கெளிறு குத்திய ஒரு புண். அந்தக் கைதான் நாயின் தொண்டைக்குள் போயிருந்தது.

“அந்த நாய்க்கு முள்ளு இருந்திருக்காது தங்கச்சி. அது விசராயிருக்கலாம். நீங்க இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடோணும்.”

“விசரோ? விசரெண்டாக் கடிக்காதோ? அது கடிக்கேல்ல சேர். பல்லுக்கூடப் படேல்ல.”

விசர்நாய்க்கடி என்பதுதான் எங்கள் ஊரில் நோயின் பெயர். அந்தப் பெயரில் மூன்று சொற்கள் இருக்கின்றன. றீற்றா அக்கா பார்த்த அளவில் அதில் நாய் ஒன்றுதான் உண்மை. விசரும் இல்லை, கடியும் இல்லை. தனக்கும் அந்த நோய்க்கும் என்ன தொடர்பு என்று அவர் கேட்டது நியாயம்தான்.

எச்சில் புண்ணில் பட்டாலே போதும் என்று ரமீஸ் சேர் பொறுமையாக விளக்கினார். அக்கா கடைசியில், “சரி, போறன்” என்றார்.

“இப்பவே எங்கட வாகனத்தில ஏறுங்கோ.”

அக்கா வாகனத்தை எட்டிப் பார்த்தார். பின்பக்கத்தில் நாய்க்கூண்டு, பக்கவாட்டில் பெரிதாக ஒரு நாயின் படம்.

“இதிலயோ? ஊர் பாக்க நாய் வண்டியில ஏறிப் போனா என்னைப் பிடிச்சுக்கொண்டு போறாங்கள் எண்டெல்லோ சொல்லுவினம்! நாளைக்குக் காலமை முதல் பஸ்ஸில போறன் சேர். மாதா மேல சத்தியம்.”

சத்தியத்தைக் காப்பாற்றினார். மறுநாள் பின்னேரம் அன்ரன் அழைத்தார்: “அக்கா போய் ஊசி போட்டிட்டு வந்திட்டா தம்பி.” ரமீஸ் சேரிடம் சொன்னேன். “அல்ஹம்துலில்லாஹ்” என்று கதிரையில் சாய்ந்தார். நாங்கள் அடுத்த ஊரின் நாய்களுக்குப் போய்விட்டோம்.

அதற்குச் சில நாட்களின் பின்தான் இரண்டாவது நாய். அதே கரையில், மீன் வாடிக் கொட்டில் ஒன்றின் பின்னால் வாய் தொங்கியபடி கிடப்பதாகச் செய்தி வந்தது. இந்தமுறை ஒருவரும் கிட்டப் போகவில்லை, நாங்கள் சொல்லிவைத்திருந்தோம். அது செத்ததும் கால்நடை வைத்தியர் வந்து ஆய்வுகூடப் பரிசோதனைக்குத் தலையை எடுத்தார். பொலித்தீன் உறை, அதன்மேல் இன்னொரு உறை, சுற்றிவர ஐஸ், மூடி ஒட்டிய பெட்டி. ரமீஸ் சேரே அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கொழும்பு பஸ்ஸில் போனார். உயிருள்ள நாய்க்குக் கிட்டப் போகாத மனிதர், செத்த நாயின் தலையை வழி முழுக்க அணைத்துக்கொண்டு போயிருக்கிறார். ஐஸ் உருகுகிறதா என்று கன்னத்தை வைத்துப் பார்த்திருப்பாரோ என்று பகிடியாகக் கேட்க நினைத்திருந்தேன். அவருடைய அழைப்பு வந்தபோது பகிடி மறந்துபோனது.

“இருக்குதாம் தம்பி.”

“விசரோ சேர்?”

“ஓம். கறுப்பிக்கும் அதுதான் இருந்திருக்கும். ரெண்டும் ஒரே கரையில கிடந்ததுகள். நல்லகாலம், தங்கச்சி ஊசி போட்டது. நீங்க போய், மிச்ச ஊசியள் ஒண்டும் தவறாமப் போடச் சொல்லிப்போட்டு வாங்கோ.”

போனேன். அக்கா பால் விடாத பிளேன்ரீ தந்தார். இரண்டாவது நாயின் செய்தியைச் சொல்லிவிட்டு, “அடுத்த ஊசி எப்ப அக்கா?” என்று கேட்டேன்.

“அடுத்ததோ? ஒண்டுதானே தம்பி போட்டவை.”

“ஒண்டோ? எங்க போட்டவை?”

இடது மேற்கையைத் தொட்டுக் காட்டினார்.

“வேற நாள் வரச் சொல்லேல்லயோ?”

“இல்லையே. புண்ணில தண்ணி படாமப் பாக்கத்தான் சொன்னவை.”

விசர்நாய் ஊசி ஒருநாளில் முடிவதில்லை. அடுத்த நாள் சொல்லாமல் ஒருவரையும் அனுப்பமாட்டார்கள். கோப்பையைக் கீழே வைத்தேன்.

“அக்கா, அங்க என்னெண்டு சொன்னனீங்கள்?”

அவர் குசினிப் பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “கெளிறு முள்ளுக் குத்தினது எண்டு.” பிறகு அவசரமாக, “பொய் இல்லைத் தம்பி. குத்தினதுதானே? புண்ணைக் காட்டினனான். ஊசி எண்டாங்கள், போட்டாங்கள். ஊசி ஊசிதானே?”

அது ஏற்பூசி, ரணஜன்னி வராமல் போடுவது. மீன் முள் குத்தினவருக்குப் போட வேண்டியதைச் சரியாகப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் அறிந்தது அவ்வளவுதான். விசருக்கு எதிராக றீற்றா அக்காவின் உடம்பில் ஒரு துளிகூட இருக்கவில்லை. இத்தனை நாளும் நாங்கள் நிம்மதியாக இருந்திருக்கிறோம்.

“ஏன் அக்கா நாய் எண்டு சொல்லேல்ல?”

“எப்பிடிச் சொல்லுறது? வரிசையில எனக்குப் பின்னால எங்கட ஊர்ப் பெண்டுகள் மூண்டு பேர் நிண்டவை. ஒருத்தியின்ர பிள்ளைக்கு அதுக்கு முதல் கிழமைதான் முள்ளெடுத்துக் குடுத்தனான். விசர்நாய்க்கு ஊசி போட வந்தனான் எண்டா, பிறகு ஆர் இந்தக் கையைத் தங்கட பிள்ளையின்ர வாய்க்குள்ள விட விடுவினம்? நஞ்சுக் கை எண்டு சொல்லிப்போடுவினம்.”

“அக்கா, இது உயிர்ப் பிரச்சினை. நோய் வந்தாப் பிறகு மருந்து இல்லை. ஒருத்தரும் தப்பினதில்லை.”

“எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே.”

“வாறதுக்கு முதல்தான் போடோணும்.”

“கடிக்கேல்லத் தம்பி!” கோபம் வந்துவிட்டது அவருக்கு. “எத்தினை தரம் சொல்லுறது? கடிபடாத ஆள் போய்க் கடிக்கு ஊசி போடுறதோ? ஆருக்காவது அப்பிடிப் போட்டிருக்கோ?”

யோசித்துச் செய்ததில்லை. என் சேட்டுக் கையைத் தோள்வரை இழுத்துவிட்டேன். “எனக்குப் போட்டிருக்கு.”

“உனக்கு நாய் கடிச்சதோ?”

“இல்லை. வேலைக்குச் சேரேக்கயே போட்டவை. ஒரு நாயையும் தொட முன்னம்.”

“கடிக்க முன்னமேயோ?”

“ஓம். எங்கட கை நாயின்ர வாய்க்குக் கிட்டப் போற கை. அதுக்காக.”

அவர் கிட்ட வந்தார். என் மேற்கையையே பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. பிறகு தன் இரண்டு கையையும் விரித்து மடித்தார்.

“அப்ப அது கடிக்குப் போடுற ஊசி இல்லை. தொழிலுக்குப் போடுற ஊசி.”

மருத்துவப்படி அது முழுச் சரியில்லை. அவருக்குப் போட வேண்டியது வேறு முறை. ஆனால் நான் திருத்தப் போகவில்லை.

“வாய்க்குள்ள கை விடுறது என்ர தொழில்தானே,” என்றார். “இதை நீ அண்டைக்கே சொல்லியிருக்கலாமே மோனை. அந்த மனிசன் எச்சில், நஞ்சு, நரம்பு எண்டு என்னவோ சொல்லிக்கொண்டு நிண்டார்.”

ஓட்டோ பிடித்தேன். ரமீஸ் சேருக்கு வழியில் அழைத்துச் சொன்னேன். நாங்கள் போய்ச் சேர முன்பே ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார்.

வெளிநோயாளர் வரிசையில் அன்றும் தெரிந்த முகங்கள் இருந்தன. தாதி, “என்ன நடந்தது?” என்று கேட்டார்.  றீற்றா அக்கா வரிசை முழுவதற்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

“விசர்நாயின்ர வாய்க்குள்ள கை விட்டனான். கடிக்கேல்ல. முள்ளெடுக்கிறது என்ர தொழில்.”

உள்ளே வைத்தியர் என்னையும் இருக்கச் சொன்னார். முதலில் முன்கையில் ஒரு துளி போட்டு உடம்பு ஏற்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு, நோயைக் காயத்திலேயே தடுக்கிற சீரம். ஆறிக்கொண்டிருந்த வெடிப்புகளுக்குள், விரல் நுனிகளுக்குள், பெருவிரலடிப் புண்ணைச் சுற்றி. விரல் நுனியில் ஊசி ஏறுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தி, “நாயப் பிடிக்கிறமாதிரிப் பிடிக்காத தம்பி, நான் ஓடமாட்டன்” என்றார். வைத்தியர் சிரித்துவிட்டார். அதன் பிறகு இரண்டு மேற்கைகளிலும் தடுப்பூசி. மீண்டும் வர வேண்டிய நாட்களைச் சொன்னார்கள்.

வெளியே வரும்போது வைத்தியரிடம் தனியாகக் கேட்டேன், பிந்திவிட்டதா என்று. “முந்தி வந்திருக்கலாம்,” என்றார். “நோய்க் குறி ஒண்டும் இல்லை. அதுதான் எங்கட நம்பிக்கை. மிச்சம் நாள் போகத்தான் தெரியும்.”

நாள் போவது என்றால் என்னவென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இந்த நோய் உடம்புக்குள் மாதக்கணக்கில் ஒளித்திருக்கக்கூடியது. வெளியே வரும்போது தண்ணீரில் காட்டிக்கொடுக்கும். தாகம் இருக்கும், குவளையைக் கிட்டக் கொண்டுபோனதும் தொண்டை இறுகும், ஆள் நடுங்குவார். பயிற்சியில் அதை ஒரு காணொளியில் காட்டியிருந்தார்கள். றீற்றா அக்காவின் முகத்தை அந்தக் காணொளியில் வைத்துப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. என் தொலைபேசியில் அன்ரனின் பெயர் வரும்போதெல்லாம் எடுக்கப் பயந்தேன். பெரும்பாலும் நாய்ப்பட்டி மிச்சம் இருக்கிறதா என்று கேட்கத்தான் அழைப்பார்.

மிச்ச ஊசிகளை அக்கா ஒன்றும் தவறவிடவில்லை. ஆனால் ஊரில் அவர் பயந்தது நடந்தது. கொஞ்சக் காலம் ஒருவரும் பிள்ளையைக் கொண்டுவரவில்லை. அந்தக் கையால் ஒன்றும் தொற்றாது என்று ரமீஸ் சேர் வீடுவீடாகப் போய், நாய்கள் குரைக்கக் குரைக்க, படலைக்கு வெளியே நின்று சொன்னார். தலையாட்டினார்கள், வரவில்லை. ஒருநாள் சூடை மீன் முள் இறுகிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் ஓடிவந்தார். வரிசையில் பின்னால் நின்ற மூவரில் ஒருவர். அக்கா சவுக்காரம் போட்டு முழங்கைவரை கழுவிக் கழுவி, தாய் பொறுமை இழந்து, “காணும் அக்கா, பிள்ளை மூச்சு விடட்டும்!” என்று கத்தும்வரை கழுவிவிட்டுத்தான் விரலை விட்டாராம். இதை அக்காவே எனக்குச் சொன்னார், முள்ளின் நீளத்தை விரலில் அளந்து காட்டி.

நான் அடிக்கடி போனேன். பட்டி குடுக்க வந்தேன், இந்தப் பக்கம் ஒரு நாய் பார்க்க வந்தேன், கருவாடு வாங்க வந்தேன் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். ஒருநாள் வெயிலில் போய் இருந்தபோது அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“கீரியில இல்லாத கருவாடோ தம்பி இஞ்ச இருக்கு?”

“இல்லை அக்கா, அம்மாதான்…”

“நீ என்னைப் பாக்க வாறியோ, நான் தண்ணி குடிக்கிறதப் பாக்க வாறியோ?”

 அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். நான் பயந்த அத்தனை நாளும் அவரும் ஒவ்வொரு மிடறையும் பயந்துதான் விழுங்கியிருக்கிறார்.

எழுந்து உள்ளே போனார். பெரிய செம்பு நிறையத் தண்ணீரோடு வந்து எனக்கு முன்னால் நின்றார். உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றினார். தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது. நிற்காமல், சிந்தாமல், கடைசிச் சொட்டுவரை. செம்பைக் கவிழ்த்துக் காட்டினார்.

“போதுமோ, இன்னொண்டு குடிக்கட்டோ?”

“போதும் அக்கா.”

“அப்ப இனிக் கருவாட்டுக்குக் காசு தந்திட்டுப் போ.”

சிரித்துக்கொண்டுதான் வந்தேன். அது நடந்து வருடங்கள் போய்விட்டன. வைத்தியரும் இனிப் பயமில்லை என்று சொல்லிவிட்டார். இப்போதும் ஓலைத்தொடுவாய்ப் பக்கம் போனால் றீற்றா அக்கா வீட்டில் பிளேன்ரீ குடிக்காமல் வரமுடியாது. எனக்கு ஒரு கோப்பை, தனக்கு ஒரு கோப்பை. அவர் குடிப்பதைப் பார்க்கக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டுதான் போகிறேன். முதல் மிடறு இறங்கும்வரை பார்த்துவிடுகிறேன்.